மத்தியானத் தட்டு



தம் தந்தையார் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய பிள்ளைகளே, பின்னால் தொங்கும் துணியில் அவர் பெயரை இனிஷியலோடு பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயர் அழைப்பிதழ் வரும்வரை எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் சவுண்டு சர்வீஸ்காரர். எங்களைப் போன்ற பொடியன்களுக்குச் சவுண்டு சர்வீஸ் அண்ணன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம்வரை எந்தக் கல்யாணம் என்றாலும், முதல் நாள் சாயங்காலமே புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டு. பெட்டியைத் தொட விடமாட்டார். பார்க்க விடுவார்.

கல்யாண வீட்டில் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. விடியற்காலை சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. முகூர்த்தம் முடிந்ததும் மணமக்களை வாழ்த்தும் பாட்டு. சாயங்காலம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, மறுபடி எம்.ஜி.ஆர்., மறுபடி சிவாஜி. ஒரு பக்கத்துக்கு இரண்டு தட்டு சேர்ந்தாற்போல் விழுந்தால் பந்தலில் கைகலப்பு. இவற்றில் அண்ணனுக்கு உரிமை கிடையாது. அவர் உரிமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கும். கடைசிப் பந்தி எழுந்து, பெண்கள் ஜமக்காளத்தில் சாய்ந்து, பெரியவர்கள் வெற்றிலைப்பெட்டியோடு திண்ணைக்குப் போன பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்போது குழாயின் சத்தத்தைக் குறைத்து, பெட்டியின் அடியிலிருந்து வேறு தட்டுகளை எடுப்பார். "இது மத்தியானத் தட்டு" என்பார். அந்தத் தட்டுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்ற பெயரை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. சி.ஆர்.சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952-இல் அவர் மறைந்ததும் 'தேவதாஸ்' படத்தில் மிச்சமிருந்த வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு வந்த 'பணம்' படத்திலிருந்து இரட்டையர். ராமமூர்த்தி திருச்சிக்காரர், வயலின் கை. விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளிக்காரர், ஆர்மோனியக் கை. 1963-இல் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம். 1965 ஜூலையில் 'ஆயிரத்தில் ஒருவன்'. அதோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. பிரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் அக்கறை.

பிரிவுக்குப் பின் விஸ்வநாதன் தனிப்பெயரில் முதலில் வந்த படம் நம் மண்ணில் நடப்பது. அதே 1965 ஆகஸ்டில் வெளியான 'கலங்கரை விளக்கம்'. மனம் கலங்கிய ஒரு பெண், தன்னைப் பல்லவர் காலத்துச் சிவகாமியாக எண்ணிக்கொண்டு மாமல்லபுரத்தில் திரிகிற கதை. பஞ்சு அருணாசலம் எழுதிய 'பொன்னெழில் பூத்தது' என்ற டூயட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது அவசரமே படாத பாட்டு. டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் மாறி மாறி நிலாவைக் கூப்பிட, வாத்தியங்கள் விலகி நின்று வழிவிடும். துணையை இழந்த ஒருவர் பயத்தில் கூடுதலாக வாத்தியம் போட்டு நிரப்பியிருக்கலாம். அவர் இடம் விட்டிருக்கிறார். அந்த நிதானம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்தப் படம் மறக்கப்படவில்லை என்பீர்கள். சரிதான். எம்.ஜி.ஆர். படம் மறக்கப்படாது. இங்கேதான் நம் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பாட்டு படத்தின் முதுகில் ஏறித்தான் வருகிறது. படம் விழுந்தால் பாட்டும் விழும். தட்டு உறையில் கதாநாயகன் முகம் உள்ளங்கை அளவு, இசை அமைத்தவர் பெயர் கடுகளவு. வெளிநாட்டுக் குழுக்களுக்கும் இதில் பெரிய அதிர்ஷ்டம் இல்லை.  அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு 1970-இல் 'சன்ஃபிளவர்' என்ற தட்டைப் போட்டபோது சொந்த நாட்டிலேயே வாங்க ஆளில்லை. பின்னால் விமர்சகர்கள் அதைத் தேடிப் பிடித்துப் பாராட்டினார்கள். ஆனாலும் அவர்களுக்கு அது ஒரு தட்டு, அதற்கென்று ஒரு பெயர், அலமாரியில் ஓர் இடம். நமக்கு அதுகூட இல்லை. ஓடாத படத்தின் பாட்டுக்கு முகவரி கிடையாது.

ராமமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன் நூற்றுக்கணக்கில் படம் செய்துகொண்டே போனார். ராமமூர்த்தி தனியாக ஏறத்தாழ இருபது படங்களோடு நின்றுவிட்டார். 1966-இல் 'சாது மிரண்டால்', 'தேன் மழை', 'மறக்க முடியுமா'. அடுத்த ஆண்டு 'நான்'. பிறகு 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்'. 'மறக்க முடியுமா' படத்தில் கலைஞர் எழுதிச் சுசீலா பாடிய காகித ஓடப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதற்கு இசை யார் என்று இந்த அவையில் கேட்டால் பாதிப் பேர் விஸ்வநாதன் என்று சொல்வீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொன்னேன்.

அண்ணன்தான் திருத்தினார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம், பங்குனி வெயில். தட்டை வைத்துவிட்டு, "வயலினைக் கேளு. பாடுறவங்க மூச்சு வாங்குற இடத்துல அது எங்க போவுதுன்னு மட்டும் கேளு" என்றார். கேட்டேன். குரல் விட்ட இடத்தில் வயலின் எடுத்துக்கொள்கிறது, குரல் எப்படி நெளிந்ததோ அப்படியே நெளிகிறது, திரும்பக் கொடுக்கும்போது ஒரு நூல்கூட அறுவதில்லை. அலங்காரத்துக்கு வந்த வயலின் இல்லை அது, இன்னொரு பாடகர். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வானொலியில் பழைய இரட்டையர் பாட்டு வந்தபோது, முதல்முறையாக இந்தக் கை தனியாகக் காதில் விழுந்தது. சேர்ந்திருந்த காலத்தில் ஒருவர் எங்கே முடிகிறார், மற்றவர் எங்கே தொடங்குகிறார் என்பதே தெரியாது. பிரிந்த பிறகு வந்த தட்டுகளை இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

மாமல்லபுரத்துக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நிற்கக்கூட இடமிருக்காது. அதே குன்றில் சற்றுத் தள்ளி, அதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறை இருக்கிறது. அங்கே ஆடுதான் மேயும். முடியாத குகைகளில் பார்த்தால் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டமாகத் தட்டி எடுத்த உளி வேலை அப்படியே தெரியும். முடித்த சிற்பத்தில் அதையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார்கள். சிற்பக் கல்லூரிப் பிள்ளைகள் வேலை கற்க, முடிக்கப்படாத பாறையிடம் போவார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். 'சாது மிரண்டால்' எனக்கு அந்த மாதிரிப் பாறை.

இப்போது விஸ்வநாதன் பக்கம் வருகிறேன். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அப்போது கல்லூரிப் பருவம். டீக்கடை ஸ்பீக்கரில் இளையராஜாவைக் கேட்டுவிட்டு, "எம்.எஸ்.வி. கதை முடிஞ்சது" என்று கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தீர்ப்பை நாங்கள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? 1977-இல் 'அவர்கள்', 'பட்டினப்பிரவேசம்', 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1978-இல் 'நிழல் நிஜமாகிறது'. 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்'. 1980-இல் 'வறுமையின் நிறம் சிவப்பு'. முடிந்துபோனவர் செய்கிற வேலையா இது?

'அவர்கள்' படத்தில் ஒரு பொம்மை பாடும். பாலசுப்பிரமணியத்தோடு அந்தப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவர் சதன், விஸ்வநாதன் குழுவிலேயே பலகுரல் வித்தைக்காரர். அந்தப் பாட்டை வேடிக்கை என்று தள்ளிவிடாமல், பொம்மை பாடும் வரியிலும் துயரம் எப்படிக் கசிகிறது என்று கேட்டுப் பாருங்கள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தனே பாட்டு எழுதினார். பாட்டுக்கென்று வளைந்து கொடுக்கிற எழுத்தல்ல அவருடையது. மெட்டுதான் வளைந்து கொடுத்திருக்கிறது. 'பட்டினப்பிரவேசம்' படத்தில் அடிக்கு அடி நிலாவில் முடியும் கண்ணதாசன் பாட்டு, பாலசுப்பிரமணியம் பாடியது. அதில் நெடுக ஒரு வயலின் வருகிறது. பிரிந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து விஸ்வநாதன் வயலினிடம் அப்படிக் கொஞ்சுவது யாரை நினைத்து என்று எனக்குள் ஓர் எண்ணம். ஆதாரம் கேட்காதீர்கள், இது காது சொல்வது.

'நினைத்தாலே இனிக்கும்' இன்னும் வேடிக்கை. சுஜாதா கதை, பாலசந்தர் இயக்கம், சிங்கப்பூருக்குப் போகும் ஒரு பாப் இசைக்குழு. கமலும் ரஜினியும் மேடையில் துள்ளுகிறார்கள். மெட்டுப் போட்டவருக்கு வயது 50, நெற்றியில் திருநீறு. சில பாட்டுகள் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடிவிடும், அடுத்ததில் பாரதியின் கண்ணம்மா வந்துவிடுவாள். அந்தத் தட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். தனித்தனிப் பாட்டாக வானொலி பிய்த்துப் போட்டதில் அதன் முழு உருவம் நமக்குத் தெரியாமலே போயிற்று. வானொலியை மட்டும் சொல்லிப் பயனில்லை. துண்டுச்சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கேசட் கடையில் கொடுத்து, தெரிந்த பன்னிரண்டு பாட்டையே திரும்பத் திரும்பப் பதிந்து வாங்கியவர்கள் நாம்தானே.

1981 அக்டோபரில் கண்ணதாசன் மறைந்தார். அதே மாதம் 'அந்த 7 நாட்கள்' வந்தது. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வாய்ப்புத் தேடி அலையும் பாலக்காட்டு மாதவன் கதை. பாலக்காட்டு விஸ்வநாதன் அதற்கு இசை அமைத்தார். கவிதை அரங்கேறும் பாட்டைக் குருவிக்கரம்பை சண்முகம் எழுத, ஜெயச்சந்திரனும் ஜானகியும் பாடினார்கள். 1965-இல் ஒரு துணை போயிற்று, இப்போது இன்னொரு துணை. அந்த ஆர்மோனியப் பெட்டி திரையில் வரும்போதெல்லாம் எனக்கு நடிகர் முகம் மறைந்துவிடும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986-இல் 'மெல்லத் திறந்தது கதவு'. மெட்டு விஸ்வநாதன், வாத்திய அமைப்பு இளையராஜா. எங்கள் ஏரிக்கரைத் தீர்ப்பை அவர்கள் இருவரும் மதிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு ராமமூர்த்தியும் விஸ்வநாதனும் முப்பது ஆண்டுக்குப் பின் சேர்ந்தார்கள். படம் வந்த சுவடு தெரியவில்லை. பாட்டை நான் பிறகுதான் கேட்டேன். இளமைத் துள்ளலைத் தேடினால் ஏமாற்றம்தான். இரண்டு கிழவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல் பேசுவதைக் கேட்கத் தெரிந்தால் இருக்கிறது. ராமமூர்த்தி 2013-இல் போனார், விஸ்வநாதன் 2015-இல்.

நேற்று அண்ணனின் மூத்த மகன் அந்தத் தகரப்பெட்டியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஐம்பது வருஷம் கழித்துத் தொட்டேன். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எது அதிகம் ஓடியது என்று தெரியும். முள் உழுத இடம் சாம்பல் பூத்திருக்கும், ஓடாத இடம் கறுப்பாக மின்னும். நான்கு பாட்டு கொண்ட சின்னத் தட்டுகளில் பெரும்பாலும் முதல் பக்கத்து முதல் பாட்டு மட்டும் நரைத்திருக்கிறது. அடியில் இருந்த பத்துப் பதினைந்து தட்டுகளில் நான்கு பாட்டும் ஒரே மாதிரி நரைத்திருக்கின்றன. உறையின் மூலையில் நீல மையில் 'ம' என்று ஓர் எழுத்து. அண்ணனின் மனைவி பெயரின் முதல் எழுத்தோ என்று மகனிடம் கேட்டேன். "அம்மா பேரு 'ம'வுல இல்லையே" என்று சிரித்தார்.

கூட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்திருக்கிறீர்கள். மணி இரண்டேகால். பின்வரிசையில் சிலர் சாய்ந்துவிட்டார்கள், எழுப்ப வேண்டாம். அந்தத் தம்பி பிளேயரைத் தயாராக வைத்திருக்கிறார். ஒன்று கேட்டுக்கொள்கிறேன் தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.