மாவட்டம் மாவட்டமாக இங்கிலாந்து



இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களையும் மாளிகைகளையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலரிடம் ஒரு கையடக்கப் புத்தகம் இருக்கும். வாசலில் நின்று அதைப் பிரித்தால், கோபுரம் எந்த நூற்றாண்டில் எழுந்தது, சன்னல்கள் எப்போது மாற்றப்பட்டன, உள்ளே இருக்கும் கல்லறைச் சிற்பத்தைச் செதுக்கியவர் யார், எல்லாம் நாலைந்து வரிகளில் கிடைத்துவிடும். ஊர் சின்னது, கட்டடம் எளியது என்று எதையும் தள்ளிவிடாமல் நாடு முழுவதையும் மாவட்டம் மாவட்டமாகப் பதிவு செய்த வரிசை அது. ‘இங்கிலாந்தின் கட்டடங்கள்’ என்பது அதன் பெயர். 1951இல் தொடங்கி 1974இல் நிறைவடைந்தது. மொத்தம் 46 தொகுதிகள். அவற்றில் 32 தொகுதிகளை ஒரே மனிதர் தனியாக எழுதினார்; இன்னும் பத்தைப் பிறரோடு சேர்ந்து எழுதினார். அவர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர். பிறப்பால் அவர் ஆங்கிலேயர் அல்லர்.

1902ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை விலங்கு ரோமத் தோல் வணிகர். வளர்ந்தபின் பெவ்ஸ்னர் லூத்தரன் கிறித்தவத்தைத் தழுவினார். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், தன் ஊர் வணிகர்கள் கட்டிய பரோக் பாணி வீடுகள். பிறகு டிரெஸ்டன் ஓவியக் கூடத்தில் வேலை. அதன்பின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணி. ஆங்கிலக் கலையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியிருந்ததால் 1930இல் இங்கிலாந்துக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். அப்போது அது வெறும் படிப்புப் பயணம்தான்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வம்சாவளியினர் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெவ்ஸ்னரின் வேலையும் போயிற்று. மனைவி லோலாவையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு முதலில் தனியாக இங்கிலாந்துக்கு வந்தார். குடும்பம் பின்னால் வந்து சேர்ந்தது. பர்மிங்ஹாமில் தொழிற்சாலைப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி ஓர் ஆய்வு வேலை கிடைத்தது. 1936இல் நவீனக் கட்டடக் கலையின் முன்னோடிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸில் தொடங்கி ஜெர்மன் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸில் முடியும் அந்த வரலாறு இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது.

போர் மூண்டது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரையே ‘எதிரி நாட்டான்’ என்று சொல்லி, 1940இல் லிவர்பூல் அருகே ஹைட்டன் முகாமில் அடைத்தார்கள். சில மாதங்களில் விடுதலை. வெளியே வந்தவர் லண்டன் தெருக்களில் குண்டுவீச்சில் இடிந்து விழுந்த செங்கல் குவியல்களை அள்ளும் வேலைக்குப் போனார். லைப்சிக்கிலேயே தங்கிவிட்ட அவருடைய தாயார், நாஜி வதை முகாமுக்கு அனுப்பப்படப் போகும் நிலையில் 1942இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டில்தான் பெவ்ஸ்னரின் ‘ஐரோப்பியக் கட்டடக் கலை: ஒரு சுருக்க வரலாறு’ என்ற நூல் பெங்குவின் வெளியீடாக வந்தது. பகலில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படிக்கும் பிர்க்பெக் கல்லூரியில் அவர் பாடம் சொல்லத் தொடங்கியதும் அப்போதுதான். இந்த மூன்றையும் ஒரே ஆண்டுக்குள் வைத்து நினைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அவருடைய பார்வை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சின்னப் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூர். அங்குள்ள பெரிய தேவாலயத்தை ஒட்டி, குருமார்கள் கூடிப் பேசுவதற்காக எண்கோண மண்டபம் ஒன்றை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டினார்கள். நடுவில் தாங்குவதற்குத் தூண் கிடையாது. சுவரைச் சுற்றிலும் இருக்கைகள், இருக்கைகளுக்கு இடையே மெல்லிய தூண்கள். ஒவ்வொரு தூணின் தலைப்பிலும் கல்லில் இலைகள். பொதுவாகக் கோயில் வேலைப்பாட்டில் வருகிற கற்பனைக் கொடிகள் அல்ல அவை. ஓக் இலை, மேப்பிள் இலை, ஹாதார்ன் முள்மரத்தின் இலை, திராட்சை, ஐவி, ஹாப்ஸ் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காணலாம். இலை நரம்பு தெரியும், மடங்கிய ஓரம் தெரியும். ஓரிடத்தில் ஓக் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைப் பன்றிகள் தின்கின்றன. அந்தச் சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வேலியோரத்துச் செடியைக் கையில் பறித்து வைத்துக்கொண்டு உளி பிடித்தவர்கள் என்பது மட்டும் பார்த்த உடனே தெரிகிறது.

பெவ்ஸ்னர் இந்த இலைகளுக்காகவே ஒரு நூல் எழுதினார். 1945இல், போர் முடிந்த ஆண்டில், அது வெளிவந்தது. அதில் அவர் காட்டியபடி, பிரான்சின் ரைம்ஸ், ஜெர்மனியின் நாவும்பர்க் முதலிய இடங்களிலும் அதே நூற்றாண்டில் சிற்பிகள் உண்மையான செடிகொடிகளை நோக்கித் திரும்பியிருந்தார்கள். அந்தக் காலத்து அறிஞர்களும் இயற்கையை நேரடியாகக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தூண் தலைப்பில் இருக்கும் இலையை ஒரு காலத்தின் சிந்தனையோடு இணைத்துக் காட்டுவது ஜெர்மானியக் கலை வரலாற்றுப் பள்ளி அவருக்குக் கற்றுக்கொடுத்த வித்தை. இங்கிலாந்தில் அந்தத் துறை அப்போது பிள்ளைப் பருவத்தில்தான் இருந்தது. லண்டனில் கலை வரலாற்றைக் கற்பிக்கும் கோர்ட்டால்ட் நிறுவனமே 1932இல்தான் தொடங்கியது. இன்னொரு செய்தி: அந்தச் சிறு நூலுக்குப் புகைப்படம் எடுத்தவர் பிரெடரிக் ஆட்டன்பரோ. ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்டுக்கும், இயற்கைப் படங்களால் உலகறிந்த டேவிட்டுக்கும் தந்தை அவர்.

பெங்குவின் நிறுவனர் ஆலன் லேன், அடுத்து என்ன செய்ய ஆசை என்று கேட்டபோது பெவ்ஸ்னர் இரண்டு திட்டங்களைச் சொன்னார். ஒன்று, உலகக் கலை வரலாறு முழுவதையும் பல அறிஞர்களைக் கொண்டு எழுதும் பெருவரிசை. மற்றது இங்கிலாந்தின் கட்டடங்கள். ஜெர்மனியில் கியோர்க் டேகியோ என்பவர் இப்படியொரு கையேட்டு வரிசையை முன்பே செய்திருந்தார். இங்கிலாந்துக்கு அப்படி ஒன்று இல்லையே என்பது பெவ்ஸ்னரின் ஏக்கம். லேன் இரண்டுக்கும் சம்மதித்துவிட்டார்.

வேலை நடந்த விதத்தைக் கேளுங்கள். ஒரு மாவட்டத்துக்குப் போகும் முன்பே, உதவியாளர்கள் நூலகங்களில் உட்கார்ந்து ஊர் வாரியாகக் குறிப்புகளைத் திரட்டிவிடுவார்கள். கல்லூரி விடுமுறை வந்ததும் பயணம். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு மாவட்டம், கோடையில் இன்னொன்று. பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த நாள்களில் ஆரம்பித்த வேலை அது. பழைய வுல்ஸ்லி ஹார்னெட் கார் ஒன்றை லோலா ஓட்டுவார். பெவ்ஸ்னர் பக்கத்தில் மடியில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பார். காலையில் தொடங்கினால் இருட்டும்வரை தேவாலயம், பண்ணை மாளிகை, சந்தைக் கட்டடம், புதிய பள்ளிக்கூடம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பார்கள். இரவு தங்கும் விடுதி எவ்வளவு குளிராக இருந்தாலும், அன்று பார்த்ததை அன்றைக்கே எழுதி முடித்துவிட்டுத்தான் படுப்பார். மறுநாளுக்குத் தள்ளினால் கண்ணில் பட்டது மங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இந்த ஒழுங்குதான் 46 தொகுதிகளையும் சாத்தியமாக்கியது என்று நான் நம்புகிறேன். மேதைமை அதற்கு அடுத்ததுதான்.

முன்னுரைகளில், பிழைகளும் விடுபட்டவையும் கண்ணில் பட்டால் எழுதித் தெரிவியுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு வேகமாகப் பார்த்தால் தவறு வரத்தான் செய்யும். அதற்காக வேலையையே செய்யாமல் விடுவதா என்பது அவர் கணக்கு.

வானொலிக்கும் அவருக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிபிசியில் பல ஆண்டுகள் பேசினார். 1955இல் பிபிசியின் பெருமைக்குரிய ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தும் வாய்ப்பு அவருக்கு வந்தது. எடுத்துக்கொண்ட பொருள், ஆங்கிலக் கலையின் ஆங்கிலத்தன்மை. ஹோகார்த் ஓவியங்களில் உள்ள கதை சொல்லும் குணம், கான்ஸ்டபிள் தீட்டிய மேகங்கள், நேர்கோடுகளாக எழும் பிற்கால கோதிக் தேவாலயங்கள், இயற்கை போலவே அமைத்த தோட்டங்கள் எல்லாம் அந்த உரைகளில் வந்தன. ஜெர்மன் சாயல் மாறாத குரலில் ஓர் அகதி, ஆங்கிலேயர்களுக்கு அவர்களுடைய கலையை விளக்கினார். அவர்களும் வீட்டில் உட்கார்ந்து கேட்டார்கள்.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. கவிஞர் ஜான் பெட்ஜமனுக்கு அவருடைய எழுத்து பிடிக்கவில்லை. ஊரின் வாசனையும் மனிதர்களும் இல்லாத வெறும் பட்டியல் என்பது பெட்ஜமனின் புகார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெவ்ஸ்னரின் பத்திகள் பல இடங்களில் வறண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்ற வேண்டுமானால், அதன் வயதும் மதிப்பும் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தச் சான்றை அவருடைய பட்டியல் கொடுத்தது.

பழித்தவரும் பழிக்கப்பட்டவரும் ஒரே அணியில் நின்றதும் நடந்தது. விக்டோரியா காலக் கட்டடங்களை அசிங்கம் என்று பலர் ஒதுக்கிய நாளில், 1958இல் அவற்றைக் காக்க விக்டோரியன் சங்கம் உருவானது. லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் பிரமாண்டமான கல் வாயில் 1960களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது சங்கத்தால் தடுக்க முடியவில்லை. அடுத்த ஆபத்து செயின்ட் பாங்கிராஸ் நிலையத்துக்கு வந்தது. 1964 முதல் பெவ்ஸ்னர் சங்கத் தலைவர். அவரும் பெட்ஜமனும் மற்றவர்களும் விடாமல் போராடினார்கள். 1967இல் அந்த நிலையமும் முகப்பிலுள்ள ஓட்டலும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்று பாரிஸுக்குப் போகும் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நிலையத்துக்குள் பெட்ஜமனுக்குச் சிலை இருக்கிறது. பெவ்ஸ்னருக்கு இல்லை, இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

நவீனக் கட்டடக் கலையின் பரப்புரையாளர் என்று பெயர் வாங்கியவர் பழைய செங்கல் கோபுரங்களுக்காக வாதாடியதைச் சிலர் முரண்பாடு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான கட்டடங்களின் முன்னால் நேரில் போய் நின்றவருக்கு, தன் பழைய கொள்கையைவிடக் கண்ணெதிரே நிற்கும் கல் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

1963இல் லோலா இறந்தார். அதன்பின் பயணங்களில் காரை ஓட்டியவர்கள் பெரும்பாலும் இளம் மாணவர்கள். 1969இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1983 ஆகஸ்ட் 18ஆம் நாள் லண்டனில் காலமானார்.

அவருடைய தொகுதிகளைப் பின்னர் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் திருத்தி விரிவாக்கி வெளியிட்டிருக்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாடுகளுக்கும் அதே முறையில் நூல்கள் வந்திருக்கின்றன. அவர் அவசரத்தில் கடந்துபோன மரச்சட்ட வீடுகள், களஞ்சியங்கள், ஆலைகள் ஆகியவற்றைப் புதிய ஆசிரியர்கள் சேர்த்திருக்கிறார்கள். தவறான ஆண்டுகளைத் திருத்தியிருக்கிறார்கள். அவர் சொன்ன தீர்ப்புகள் நல்லவையாக இருக்கும் இடங்களில், வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.