கண் தெரியுதா என்று கேளுங்கள்



 நான் மருத்துவன் அல்ல, கடை வைத்திருப்பவன். ஆகவே ஒரு பொருளின் விலையைப் பற்றிப் பேசுகிறேன்.

கண்ணில் புரை விழுந்தால் மருந்தால் தீராது. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். 1949-இல் லண்டனில் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி இதைத் தொடங்கி வைத்தார். ஆனால் 1980களில்கூட அந்த லென்ஸ் ஒன்றின் விலை நூறு அமெரிக்க வெள்ளிக்குக் குறையாது. இந்தியாவில் ஏழைகளுக்குப் புரையை மட்டும் எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுதான்.

1976-இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே அறுவை செய்தவர் அவர். முடிந்தவர் கொடுக்கும் பணத்தில் முடியாதவருக்கும் செய்வது அவர் கணக்கு. ஓர் அறையில் அடுத்தடுத்து மேசைகள். ஒருவருக்கு முடிந்ததும் மருத்துவர் அடுத்தவர் பக்கம் திரும்புவார். மற்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்ப்பார்கள். நேரம் வீணாகாததால் செலவு இறங்கியது. 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் அமைத்து லென்ஸையும் தாங்களே தயாரித்தார்கள். விலை பத்து அமெரிக்க வெள்ளி அளவுக்கு வந்து, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

ஆனால் விலை குறைந்தால் மட்டும் போதாது என்பதை என் நன்னியிடம்தான் கற்றேன்.

கடையநல்லூரில் இருந்த நன்னிக்கு மூன்று வருடமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. நாங்கள் மாதாமாதம் பணம் அனுப்பினோம். வீட்டுக்கு டைல்ஸ் போட்டோம். "வயசானா அப்படித்தான்" என்று நானும் சொன்னேன். திருநெல்வேலியிலேயே அரவிந்த் இருக்கிறது. கூட்டிப்போகத்தான் ஆளில்லை. பிள்ளைகளை அலைய வைக்கக் கூடாதென்று நன்னியும் வாய் திறக்கவில்லை. ஊருக்குப் போன நான் எதிரே நின்றும், குரலைக் கேட்ட பிறகுதான் என்னைத் தெரிந்துகொண்டார். மறுநாளே அழைத்துப் போனேன். கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைப் பிடித்துப் பார்த்து, "தாடியில ரெண்டு முடி நரைச்சிருக்கேடா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அரவிந்திலும் இதைக் கண்டிருக்கிறார்கள். அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் செலவு, போகும் கூலி, துணைக்கு ஆள் என்று ஒவ்வொன்றும் தடை. அதனால் முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போய், உணவு தந்து, திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள்.

நம் சங்கம் ஊருக்குச் செய்யும் உதவிகளில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன். லென்ஸ் வாங்கித் தர வேண்டியதில்லை. வாகனமும் துணைக்கு ஓர் ஆளும் போதும். அதற்கு முன்னால், இன்றிரவு ஊருக்குப் போன் போடும்போது, "சாப்பிட்டீங்களா" என்பதோடு "கண் நல்லாத் தெரியுதா" என்றும் கேளுங்கள்.

நம் முதியோரின் பார்வையை வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.