விளையாட்டுப் பெட்டியின் பூட்டு

பூட்டு என்றதும் கதவில் தொங்குவதும் பெட்டியில் பதிந்திருப்பதும்தான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்ல வந்ததோ பார்வைக்குப் பூட்டாகவே தோன்றாத ஒரு பூட்டைப் பற்றி. புளியங்கொட்டையைவிடச் சற்று நீளமான கறுப்புச் சில்லு அது. அதற்குப் பதினாறு கால்கள். அவற்றுள் நான்காவது காலை 2022-ஆம் ஆண்டு என் கையாலேயே வெட்டினேன். வெட்டிய காரணத்தைக் கூறுமுன் முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு சிறு சம்பவத்தைக் கூறியாக வேண்டும்.

நான் அப்போது லண்டனில் மின்பொறியாளனாக வேலை பார்த்து வந்தேன். 1988-இல் என் மகனுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் பெட்டி. அதைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜை உள்ளே செருகினால் திரையில் விளையாடலாம். (இந்தக் கார்ட்ரிட்ஜை நம் ஊர்ப் பிள்ளைகள் ‘கேசட்’ என்று சொல்லிப் பழகியவர்கள்.) என் அக்காளைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தோம். அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர். ஆகவே அவர்கள் பாரிஸில் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் இதே பெட்டி உண்டு.

1991-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் அக்காளும் அவள் மகளும் கலே துறைமுகத்தில் கப்பலேறி டோவர் வழியாக எங்களிடம் வந்தார்கள். குழந்தைக்கு அப்போது பத்து வயது. என் மகனிடம் இல்லாத ஒரு விளையாட்டை, பொன்னிறமாக மின்னும் ஒரு கார்ட்ரிட்ஜை, அவள் சட்டைகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்திருந்தாள். ‘தி லெஜெண்ட் ஆஃப் செல்டா’ என்பது அதன் பெயர். இரண்டு குழந்தைகளும் பெட்டியின் முன் அமர்ந்தார்கள். கார்ட்ரிட்ஜைச் செருகி விசையைப் போட்டார்கள். திரை ஒரு கணம் விளங்கி மறு கணம் அணைந்தது. சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. விளையாட்டு தொடங்கவே இல்லை.

அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியை வைத்திருந்த எல்லோருக்கும் இந்தக் கண் சிமிட்டல் தெரியும். கார்ட்ரிட்ஜின் செப்புப் பற்களில் தூசி படிந்தாலும், பெட்டிக்குள் அவற்றைப் பிடிக்கும் எழுபத்திரண்டு முனைகள் தளர்ந்தாலும் இப்படித்தான் ஆகும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து வாயால் ஊதிச் செருகுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. மூச்சின் ஈரம் பற்களை அரித்துவிடும், ஊதாதீர்கள் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டும் பிள்ளைகள் கேட்கவில்லை. நானும் ஊதினேன். பஞ்சால் துடைத்தேன். பத்து முறை செருகிப் பார்த்தேன். ஆனால் எங்கள் கார்ட்ரிட்ஜ்கள் மட்டும் ஒழுங்காக ஓடின. கடைசியில், பொறியாளன் என்ற மிடுக்கில், தீர்ப்புக் கூறிவிட்டேன்: “நீ வழியில் எங்கேயோ கீழே போட்டிருக்கிறாய். உள்ளே உடைந்துவிட்டது.” குழந்தை “போடவில்லை, மாமா” என்றாள். நான் நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல், பொய் சொல்லக் கூடாது என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் அழவில்லை, கார்ட்ரிட்ஜைப் பழையபடி சட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

அது உடையவில்லை. கீழே விழவும் இல்லை. உண்மையில் நடந்தது என்ன என்பதை இனிச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டியின் மூதாதை 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் ‘ஃபேமிகாம்’ என்ற பெயரில் வெளிவந்தது. மசாயுகி உயெமுரா என்ற பொறியாளர் அதை அமைத்தார். அதில் பூட்டு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து செருகலாம், செய்யவும் செய்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் தொலைக்காட்சி விளையாட்டு வியாபாரம் சரிந்து விழுந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் மலைபோல் குவிந்தன, வாங்குவோர் இல்லை. அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரில் குழி தோண்டிப் புதைத்தது. வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த இந்தச் செய்தி, 2014-இல் குழியைத் தோண்டிப் பார்த்தபோது மெய்யாயிற்று.

இந்த வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, 1985-இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்த நிண்டெண்டோ, வாயிலில் ஒரு காவலாளியை நிறுத்தியது. பெட்டிக்குள் ஒரு சில்லு, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒரு சில்லு. முன்னது பூட்டு, பின்னது சாவி. சாவிச் சில்லை நிண்டெண்டோவிடமிருந்தே பெற வேண்டும். பெற்ற கம்பெனிகளும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டிருந்தன. குப்பையைத் தடுப்பது ஒரு நோக்கம்; வியாபாரத்தைத் தன் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்வது இன்னொரு நோக்கம். இரண்டையும் ஒரே சில்லு நிறைவேற்றியது.

அது வேலை செய்யும் விதம் மிக ரசமானது. சங்கீத வித்துவான்கள் இருவர் ஒரே தாளத்துக்கு ஒரே கணக்கைத் தனித்தனியே மனத்துக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் போட்டதோடு ஒத்துப் பார்க்கிறார். ஒரே பாடம் கேட்டவர்களானால் எவ்வளவு நேரமானாலும் பிசகு வராது. வேறு பாடம் கேட்டவர் என்றால் சில அட்சரங்களுக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். பூட்டும் சாவியும் அப்படித்தான். விசையைப் போட்டதும் பூட்டுச் சில்லு சாவிக்கு ஓர் எண்ணை அனுப்புகிறது. இரண்டும் அந்த எண்ணிலிருந்து தொடங்கி, ஒரே கடிகாரத் துடிப்புக்கு இசைய, பார்ப்பதற்கு ஒழுங்கே இல்லாத ஓர் எண் வரிசையைக் கணக்கிட்டுப் பரிமாறிக்கொள்கின்றன. வரிசை பிசகினால் பூட்டுச் சில்லு பெட்டியை முதலிலிருந்து தொடங்கச் செய்துவிடும். மறுபடி பிசகும், மறுபடி தொடங்கும். நான் கண்ட கண் சிமிட்டல் இதுதான். தூசியால் பேச்சு அறுந்தாலும் இதே தண்டனை. கள்ளச் சரக்குக்காரனைப் பிடிக்க வைத்த காவலாளி, தூசி படிந்த கார்ட்ரிட்ஜோடு வந்த வீட்டுப் பிள்ளைகளையே அதிகம் துரத்தினான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அக்காள் மகளுடையது கள்ளச் சரக்கு அல்லவே? அது முறையாக வாங்கிய அசல் கார்ட்ரிட்ஜ். பிறகு ஏன் தடுத்தான்? இங்கேதான் இரண்டாவது சூட்சுமம். தேசத்துக்குத் தேசம் பாடத்தை மாற்றி வைத்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு ஒரு பாடம். ஐரோப்பாவின் பெரும் பகுதிக்கு வேறொன்று. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய மூன்றுக்கும் மற்றொன்று. எங்கள் பெட்டியின் சில்லில் 3197 என்ற எண் பொறித்திருந்தது. பாரிஸ் பெட்டியினுடையது 3195. இவ்வளவுதான் வித்தியாசம். மின்சாரம், திரை வரிகள், வேகம் யாவும் இரு நாட்டிலும் இந்தப் பெட்டிக்கு ஒன்றே. பாரிஸ் கார்ட்ரிட்ஜை லண்டன் பெட்டி படிப்பதற்கு யந்திர சாஸ்திரப்படி எள்ளளவும் தடையில்லை. வியாபாரிகள் தங்களுக்குள் கிழித்துக்கொண்ட கோடுதான் தடை. குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பார்த்து டோவரில் உள்ளே விட்டுவிட்டார்கள். அவள் சட்டைக்குள் இருந்த விளையாட்டுக்கு என் வீட்டுக் கூடத்தில் அனுமதி கிடைக்கவில்லை.

இதையும் மறைத்து வைத்திருக்கவில்லை. எங்கள் பெட்டியின் மூடியிலேயே ‘மாட்டெல் வெர்ஷன்’ என்று அச்சிட்டிருந்தது. பிரிட்டனில் அதை விற்ற கம்பெனியின் பெயரைக் கொண்டு எந்த வகை என்று காட்டிய குறி அது. நான் அதைத் தினமும் பார்த்தேன். ஒரு நாளும் படிக்கவில்லை.

இந்தப் பூட்டைத் திறக்க மற்றவர்கள் செய்த முயற்சிகளை ஒரு புத்தகமாகவே எழுதலாம். சிலர் மின்னழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிக் காவலாளியை மூர்ச்சையாக்கினார்கள். பிந்திய பெட்டிகளில் நிண்டெண்டோ அதற்கும் தடுப்பு வைத்தது. ஆஸ்திரேலியாவில் சிலர், தங்கள் கார்ட்ரிட்ஜின் முதுகில் ஓர் அசல் கார்ட்ரிட்ஜைச் செருகி, அதன் சாவியை இரவல் வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அட்டாரி கேம்ஸ் நிறுவனம் போன வழி வேறு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருந்த பூட்டின் நிரலை, வழக்கு ஒன்றில் தான் பிரதிவாதி என்று கூறி 1988-இல் பெற்றது. அப்போது அப்படி ஒரு வழக்கே இல்லை. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து அதன் தத்துவத்தை அறிந்துகொள்வது தன்னளவில் குற்றமாகாது என்றும் கூறியது. எனக்கு இந்தப் பகுதியே முக்கியமாகப் படுகிறது. 1993-இல் நிண்டெண்டோ இதே பெட்டியைப் புது உருவில் மலிவாக வெளியிட்டபோது பூட்டுச் சில்லையே விட்டுவிட்டது!

ஓய்வு பெற்று நான் கோயம்புத்தூருக்கு வந்தபோது அந்தப் பெட்டியும் எங்கள் சாமான்களோடு வந்து பரணில் கிடந்தது. 2022-இல் அக்காள் காலமானாள். பாரிஸ் வீட்டைக் காலி செய்த அவள் மகள், அக்காளின் புகைப்படங்கள் சிலவற்றை எனக்கு அனுப்பினாள். பொட்டலத்தின் அடியில் என் பேரனுக்கென்று நாலைந்து கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பொன்னிறம்.

துடைத்துச் செருகினேன். அதே சிமிட்டல். முன்பு பத்து வயதுப் பெண்ணிடம் தீர்ப்புக் கூறியவன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். படித்து முடித்தபோதுதான் மூடியில் இருந்த எழுத்துகள் என் கண்ணில் பட்டன.

வேலை சிறியது. இந்தப் பெட்டியின் மின்மாற்றி வெளியில் தனியாக இருப்பதால், இணைப்பைக் கழற்றிவிட்டால் உள்ளே வீட்டு மின்சாரம் கிடையாது. அடியில் ஆறு திருகுகள். அவற்றை எடுத்தால் ஒரு தகரக் கவசம். அதையும் எடுத்தால் மின்பலகை. சில்லின் நான்காவது கால்தான் அதன் உத்தியோகத்தைத் தீர்மானிக்கிறது. பூட்டும் சாவியும் உருவத்திலும் உள்ளடக்கத்திலும் ஒரே சில்லுதான். அந்தக் காலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் ‘நான் பூட்டு’ என்று அது நினைத்துக்கொள்ளும். கொடாவிட்டால் ‘நான் சாவி’ என்று நினைத்துக்கொள்ளும். சாவிக்குப் பெட்டியை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அந்தக் காலைப் பலகைக்கு அருகில் நுண்ணிய வெட்டியால் வெட்டி, மெல்ல நிமிர்த்தி, பற்றவைக்கும் சூட்டுக்கோலால் ஒரு சிறு கம்பியை வைத்துப் பூமி இணைப்போடு சேர்த்தேன். வெறுமனே வெட்டி அந்தரத்தில் விடுபவர்களும் உண்டு. அந்தரத்தில் நிற்கும் கால் எப்போது எதை நினைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆகக் காவலாளியை நான் அடித்துத் துரத்தவில்லை. அவனை விருந்தாளி என்று நம்பவைத்து உள்ளே உட்கார்த்திவிட்டேன்.

பேரன் விசையைப் போட்டான். படம் நின்றது. அருவி விழும் தோற்றத்தோடு பாட்டு எழுந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலை வெட்டினால் எல்லாத் தேசத்துக் கார்ட்ரிட்ஜும் ஒழுங்காக ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர் ஒருவரின் அமெரிக்கக் கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது; ஆனால் நோயாளியைப் போல் ஓடியது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு அறுபது முறை திரையை வரையும். ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் ஐம்பது முறை. ஆகவே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டின் சுருதியும் இறங்கி ஒலித்தது. இது மெய்யான எல்லை. எந்தக் காலை வெட்டினாலும் போகாது. மெய்யான எல்லையையும் போட்டு வைத்த எல்லையையும் ஒரே சில்லு ஒன்றுபோல் காட்டிவந்தது என்பதை அப்போதுதான் நன்றாக உணர்ந்தேன்.

அன்று மாலையே பாரிஸுக்குத் தொலைபேசியில் பேசினேன். “உன் கார்ட்ரிட்ஜ் உடையவில்லை அம்மா, நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்றேன்.

“தெரியும், மாமா” என்றாள். “ஊருக்குத் திரும்பிய அன்றைக்கே ஓடியதே! அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். ‘மாமாவிடம் சொல்லாதே, வருத்தப்படுவான்’ என்றார்கள்.”

அந்த விளையாட்டில் மூன்று பேர் பெயரைப் பதித்து வைக்க இடம் உண்டு. ஒன்றில் தன் பெயரும், ஒன்றில் என் மகன் பெயரும் எழுதி வைத்திருந்ததாகச் சொன்னாள். நான் பார்த்தபோது மூன்று இடங்களும் வெறுமையாக இருந்தன. நினைவைக் காக்கும் சிறு மின்கலம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. புதிய மின்கலம் ஒன்று வாங்கிப் பற்றவைத்தேன். முதல் இடத்தில் அவள் பெயரை எழுதினேன். இரண்டாவதில் பேரன் தன் தகப்பன் பெயரை எழுதினான்.