சுவர் தானாக விழுவதில்லை

(கருமத்தம்பட்டியில் கட்டடத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அவிநாசி ரோட்டின் இரு பக்கமும் பாருங்கள். பழைய ஓட்டு வீடுகளும் தறிக் குடோன்களும் இடிபடுகின்றன. புதிய கட்டடங்கள் எழும்புகின்றன. கட்டுகிறவர்களும் நாம்தான், இடிக்கிறவர்களும் நாம்தான். சுவர் சரிந்தால் அடியில் கிடப்பவர்களும் நாம்தான்.

சென்னை தியாகராய நகரில் 2017 மே 31இல் தீப்பிடித்த துணிக்கடைக் கட்டடத்தை அடுத்த மாதம் இடித்தபோது, இயந்திரம் ஓட்டிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். 2023 ஜனவரி 27இல் அண்ணா சாலையில், இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்து, வழியே போன இளம்பெண் ஒருவர் மாண்டார். "விபத்து, விதி" என்று சொல்லுகிறார்கள். சுவர் தானாகவா விழுந்தது?

இல்லை, தோழர்களே! இடிக்கும் வேலையை எடுக்கும்போதே பழைய கம்பி, செங்கல், மரம், ஓடு எல்லாவற்றுக்கும் காண்ட்ராக்டர் விலைக்கணக்குப் போட்டுவிடுகிறார். சீக்கிரம் இடித்தால் சீக்கிரம் காசு. ஆகவே மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரிக்க வேண்டிய சுவரை, அடியில் வெட்டிச் சாய்க்கச் சொல்லுகிறார். ஓட்டையும் உத்தரத்தையும் எடுத்த பிறகு சுவருக்குப் பிடிமானம் ஏது? அது எந்தப் பக்கம் சாயும் என்று எந்த மேஸ்திரி ஜோசியம் சொல்ல முடியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த மத்திய விதிகளில், இடிப்பு வேலைக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். செங்கல்லின் கனம் மாறாது!

நஷ்டஈடு பிச்சையல்ல. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி ஈடு கொடுக்கவேண்டும் என்று 1923இலேயே சட்டம் வந்தது. புதிய தொகுப்பிலும் அந்த உரிமை நிற்கிறது. "ஆள் கவனமாக இல்லை" என்று சொல்லி மட்டும் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் நம் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாவிட்டால், அங்கே வேலை செய்தோம் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. நலவாரியத்தில் பதியாதவர்கள் உடனே பதியுங்கள்.

நாளைக் காலை கடப்பாரையைத் தொடுமுன் நான்கு கேள்வி கேட்போம். கரண்டைத் துண்டித்தாயிற்றா? சுவருக்கு முட்டுக் கொடுத்தாயிற்றா? மேலிருந்து இடிக்கத் திட்டம் உண்டா? சித்தாள் உட்பட எல்லோர் பெயரும் ஏட்டில் ஏறிற்றா? இல்லையென்றால் ஒருவரும் இறங்க வேண்டாம்.

ஒருவர் மறுத்தால் அவர் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து மறுத்தால் முட்டு வரும்!