பதர் நீக்கிப் படிப்போம்



விதை நெல்லை உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கிய பின்னரே நாற்றங்காலில் தெளிக்கிறோம். நம் மாணவர் படிக்கும் இணையப் பக்கங்களை மட்டும் பதர் நீக்காது கொடுக்கலாமா?

1931-ஆம் ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் நூல்கள் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றன. வண்டி கொள்ளுமளவு சிறிது. தேர்ந்தே ஏற்ற வேண்டும். இன்றோ கைப்பேசியில் அளவின்றிக் குவிகின்றன. தேர்ந்து கொடுப்பார் இல்லை.

ஆதலின் மூன்று கேள்விகள் கேட்போம். எழுதியவர் யார்? எழுதிய ஆண்டு எது? தக்க நூலோ நிலையமோ அதனை ஒப்புகிறதா?

நூலகத் தந்தை அரங்கநாதன் பிறந்த சீர்காழி முன்னர்த் தஞ்சை மாவட்டம். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். பழைய பக்கத்தை நம்பிய மாணவன் மதிப்பெண் இழப்பான். எண்டோசல்பான் மருந்தை உச்சநீதிமன்றம் 2011-இல் தடை செய்தது. அதற்கு முற்பட்ட பக்கமோ அதனை இன்றும் தெளிக்கச் சொல்லும். மகன் படிக்கத் தந்தை கேட்டு நடந்தால் கேடு வயலையும் உடலையும் சாரும்.

மாதம் ஒரு மாலை ஊர் நூலகத்தில் ஆசிரியரும் அனுபவமிக்க விவசாயிகளும் கூடுவோம். வேளாண்மைச் செய்திகளை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுத் தெளிவோம். தேறிய பக்கங்களைத் தேதியிட்டுப் பலகையில் எழுதுவோம். செலவு சிறிது, விளைவு பெரிது.