பிள்ளைகள் ஆடும் போன் விளையாட்டில் பெரியவங்க சமாச்சாரம் எவ்வளவு இருக்கலாம்?

(ஜமுனாமரத்தூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிஞ்சது. தீர்மான நோட்டுல கையெழுத்தும் ஆயிடுச்சு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அதனால எங்க மனசுல ரெண்டு மாசமா கிடக்கிற ஒரு விஷயத்தை இன்னைக்குச் சொல்லிடலாம்னு நிக்கிறோம்.

ஒரு குழுக் கூட்டத்துல ஒரு அம்மா எங்ககிட்ட வந்தாங்க. வீட்டுக்காரரோட கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிட்டு அப்பத்தான் திரும்பியிருந்தாங்க. எட்டாவது படிக்கிற பொண்ணை ஆயாகிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க. பேசிக்கிறதுக்காக ஒரு போனும் வாங்கிக் கொடுத்திருக்காங்க. "மேடம், எந்நேரமும் அதுல ஒரு ஆட்டம் ஆடுது. அந்த ஆட்டத்துக்குள்ள இதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம், புருஷன் இருக்கானாம். சிரிச்சுக்கிட்டே சொல்லுது. எனக்கு வயித்தைக் கலக்குது"ன்னாங்க. நாங்க அவசரத்துல இருந்தோம், அடுத்த ஊருக்குப் போகணும். "போனைப் பிடுங்கி வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லிட்டுப் பைக்குல ஏறிட்டோம்.

அந்தப் பதில் தப்பு. எவ்வளவு தப்புன்னு பின்னாடி சொல்றோம்.

முதல்ல அது என்ன ஆட்டம்னு தெரிஞ்சுக்குவோம். கூட்டத்துல பாதிப் பேர் "பிரீ ஃபயரா?"ன்னு கேக்குறீங்க. அது துப்பாக்கி ஆட்டம். இது வேற. இதுல பிள்ளை ஒரு வேஷம் கட்டுது. ராணி ஆகலாம், மந்திரவாதி ஆகலாம், டாக்டர் ஆகலாம். இந்தப் பொண்ணு ஆடினது ரோப்ளாக்ஸ்ல இருக்கிற புரூக்ஹேவன். 2020-ல வந்தது. அதுல ஒரு ஊர் இருக்கும், வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும். உலகத்துல எங்கேயோ இருக்கிற ஆளுங்க அதே ஊருக்குள்ள வந்து ஆளுக்கொரு வேஷத்துல நடப்பாங்க, பேசுவாங்க. வேற சில ஆட்டங்கள்ல அரக்கன், பறக்கிற பாம்பு, வாள் சண்டை எல்லாம் வரும். பேர் வேற வேற, சரக்கு ஒண்ணுதான். வேஷம் கட்டி ஆடுறது.

வேஷம் கட்டி ஆடுறது நமக்குப் புதுசா என்ன? போளூர், செங்கம் பக்கமெல்லாம் கூத்து பார்க்காத ஆள் உண்டா? நாங்களும் சின்ன வயசுல பாயைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போய் விடிய விடியப் பார்த்தவங்கதான். அதுல ரத்தம் இருந்தது. துரியோதனன் தொடையைப் பிளந்து, அந்த ரத்தத்தைத் தடவித்தான் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். சூதாட்டம் இருந்தது. கட்டியக்காரன் பேசுற பச்சைப் பேச்சு இருந்தது, இல்லைன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்! பெரியவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதைப் பார்த்து வளர்ந்து நாம யாரும் கெட்டுப் போயிடலை.

ஆகவே, கதைக்குள்ள சண்டை வரக்கூடாது, சாவு வரக்கூடாது, காதல் வரக்கூடாதுன்னு எங்களால சொல்ல முடியாது. எங்க குழுவுலேயே ஒரு தம்பி "எல்லாத்தையும் தடை பண்ணணும் மேடம்"னு சொல்றாரு. அவரோட எங்களுக்குச் சம்மதமில்லை. வயசுக்கு வந்தவங்க தங்களுக்குள்ள ஆடுற ஆட்டத்துல பெரியவங்க சமாச்சாரம் இருந்தா அது அவங்க பாடு. கேள்வி பிள்ளைகளைப் பத்தினது.

அதுக்கும் கூத்துலேயே ஒரு அளவு இருக்குன்னு எங்களுக்குத் தோணுது. துகிலுரியிற கட்டத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு பொம்பளையைச் சபையில இழுத்து வந்து அவமானப்படுத்துறதைவிடப் பெரியவங்க சமாச்சாரம் என்ன இருக்கு? ஆனா ஆடுறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்திக் கும்பிடுவாங்க. பார்க்கிற பொம்பளைங்க கண்ணீர் விடுவாங்க. துச்சாதனன் வேஷம் கட்டினவரே கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் சேலையைத் தொடுவாரு. கதை முழுக்க அவ பக்கம் நிக்குது. இப்ப போன் ஆட்டத்துக்கு வாங்க. அதே மாதிரி ஒரு பொண்ணு வீராங்கனையா வருவா. ஆம்பளை வீரனுக்குக் கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் இரும்புக் கவசம், இவளுக்கு ரெண்டு துண்டுத் துணி. சண்டைக்குப் போறவ அப்படியா போவா? அந்தத் துணியை மாத்திப் பார்க்கக் காசு வேற. 'ஸ்கின்'னு சொல்வாங்க. எங்களுக்கு ரத்தத்தைவிட இதுதான் உறுத்துது. ரத்தம் பொய்னு பையனுக்குத் தெரியும். பொண்ணுன்னா இப்படித்தான் நிக்கணும்ங்கிறது பொய்னு அவனுக்கு யாரு சொல்றது?

ரத்தம்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பப்ஜி ஆட்டத்தை அரசாங்கம் 2020 செப்டம்பர்ல தடை பண்ணுச்சு. அடுத்த வருஷம் ஜூலையில அதையே பி.ஜி.எம்.ஐ.னு பேர் மாத்தி இந்தியாவுக்குன்னு கொண்டு வந்தாங்க. அதுல குண்டடி பட்டா சிவப்பு வராது, பச்சை வரும்! பிள்ளைங்க மனசு கெடக்கூடாதாம். நல்ல எண்ணம்தான், குறை சொல்லலை. பிரீ ஃபயரை 2022 பிப்ரவரியில தடுத்தாங்க. பசங்க மறுநாளே பிரீ ஃபயர் மேக்ஸுக்குப் போயிட்டாங்க.

இப்ப சட்டம் பத்திச் சுருக்கமா. காசு கட்டிக் காசு ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி மத்திய அரசு 2025 ஆகஸ்ட்ல சட்டம் கொண்டு வந்துச்சு. ரம்மியில தாலி வரைக்கும் அடமானம் போன குடும்பங்களைப் பார்த்த நமக்கு அதோட அருமை தெரியும். ஆனா அது காசைப் பத்தின சட்டம். ஆட்டத்துக்குள்ள என்ன காட்டுறான், யாரு பேசுறான்ங்கிறது வேற கதை.

சினிமாவுக்குச் சான்றிதழ் தர்ற மாதிரி ஆட்டத்துக்கும் வயசு போட்டிருக்கும். பிளே ஸ்டோர்ல ஆட்டத்தோட பேருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+னு இருக்கும் பாருங்க. நாமும் அதைப் பார்க்கணும், நல்லதுதான். ஆனா அது எப்படிப் போடுறாங்க தெரியுமா? சினிமாவை ஒரு குழு உட்கார்ந்து பார்த்துட்டுச் சான்றிதழ் தருது. இங்க ஆட்டத்தை உருவாக்கினவரே ஒரு கேள்வித்தாளைப் பூர்த்தி பண்றாரு. ரத்தம் இருக்கா, கெட்ட வார்த்தை இருக்கா, சூது இருக்கா. அதுக்கு ஏத்த மாதிரி வயசு வருது. அதுகூடப் பரவாயில்லை. அந்த வயசு, கம்பெனி எழுதின கதைக்குத்தான். உள்ளே வந்து நம்ம பிள்ளைகிட்ட மைக்குல பேசுற ஆளுக்கு யாரும் வயசு போடலை, சான்றிதழும் தரலை. 'பயனர்கள் ஒருவரோடொருவர் பேசலாம்'ங்கிற மாதிரி ஒரு வரி மட்டும் ஓரத்துல இருக்கும். நாம கவனிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

கூத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இங்கதான் வருது. கட்டியக்காரன் பச்சையாப் பேசினா நாலு பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமா, ஊர் நாட்டாமை எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருப்பாங்க. அவன் எல்லை மீறினா ஒருத்தர் அதட்டுவார். பிள்ளைக்கு அது வேடிக்கை, அவ்வளவுதான். இங்க பிள்ளையே வேஷக்காரி. எதிர்ல வேஷம் கட்டியிருக்கிறது பன்னெண்டு வயசுப் பையனா, நாப்பது வயசு ஆளான்னு யாருக்கும் தெரியாது. சுத்தி ஒருத்தரும் இல்லை. ஆயா பக்கத்துலதான் படுத்திருக்கு, அதுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரியும்.

கம்பெனிக்காரங்க ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்லக் கூடாது. ரோப்ளாக்ஸ்ல 2024 நவம்பர்லேர்ந்து பதிமூணு வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு ஆட்டத்துக்கு வெளியே தனியாச் செய்தி அனுப்புறதை நிறுத்தினாங்க. முகத்தைக் காட்டி வயசைக் கணிச்ச பிறகுதான் சாட் பண்ண முடியும்னு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. ஆனா நம்ம வீட்டுல நடக்கிறது என்ன? போன் வாங்கினதும் கடைக்காரத் தம்பியே ஜிமெயில் திறந்து தர்றாரு. யாரு பேர்ல? அம்மா பேர்ல. பிறந்த வருஷம் அம்மாவோடது. அப்புறம் அந்த ஐடியிலேயே பிள்ளை ஆட்டத்துக்குள்ள போகுது. கம்பெனியைப் பொறுத்தவரைக்கும் ஆடுறது முப்பத்தாறு வயசுப் பொம்பளை! அவன் போட்ட பூட்டு எதுவும் அவளுக்குப் பொருந்தாது. பெற்றோர் சம்மதம்னு ஓ.டி.பி. வந்தாலும் பிள்ளை கையில இருக்கிற போனுக்குத்தான் வருது. அதனால ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. "அம்மா, கொஞ்சம் இந்த கேமராவைப் பாரேன்"னு பிள்ளை கூப்பிட்டா, எதுக்குன்னு கேளுங்க. அடுப்பு வேலையோட வேலையா முகத்தைக் காட்டிட்டுப் போயிடாதீங்க.

இப்ப அந்தப் பொண்ணு கதைக்கு வர்றோம். நாங்க சொன்னபடி அந்த அம்மா போனை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. பொண்ணு பதினஞ்சு நாள் சரியாச் சாப்பிடலை. பக்கத்து வீட்டு அண்ணன் போனை வாங்கி, அதே ஐடியில ராத்திரி ராத்திரி உள்ளே போயிருக்கு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல அழுததைப் பார்த்துட்டு டீச்சர் விசாரிச்சிருக்காங்க. அந்த 'புருஷன்' வேஷக்காரன் ஆரம்பத்துல நல்லாத்தான் பேசியிருக்கான். அப்புறம் வாட்ஸ்அப் நம்பர் கேட்டிருக்கான். அப்புறம் போட்டோ. எப்படிப்பட்ட போட்டோன்னு உங்களுக்கே புரியும். இவ அனுப்பலை, அது நல்ல காலம். ஆனா அனுப்பலைன்னா உங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு மிரட்டியிருக்கான்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"ன்னு கேட்டோம். "சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்கன்னு நெனைச்சேன். சொல்லாதப்பவே பிடுங்கிட்டாங்க. சொல்லியிருந்தா பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்தியிருப்பாங்க"ன்னுச்சு. எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரலை. சமூகப் பணியில பட்டம் வாங்கியிருக்கோம், எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கோம். முதல் நாள் அந்த அம்மா வந்தப்ப, "அந்தப் புருஷன் வேஷக்காரன் உன்கிட்ட என்ன பேசுவான்?"னு பொண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் என்ன செஞ்சோம்னு சொல்றோம், நாளைக்கு உங்களுக்கும் உதவும். பயத்துல எதையும் அழிக்கலை. பேசினதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அந்த ஆளைப் பிளாக் பண்றதுக்கு முன்னாடி அவனோட ஐடி பேரை எழுதி வச்சோம். 1098-க்குப் போன் போட்டோம். அது குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகிட்ட போன் வழியா இப்படிக் கேக்கிறதும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம்தான். நேர்ல தொட்டாத்தான் குற்றம்னு பல பேர் நினைச்சுக்கிட்டிருக்கோம், அது சரியில்லை. ஆட்டத்துல டயமண்ட் வாங்குறேன்னு வங்கிக் கணக்குலேர்ந்து யாராவது ஏமாத்திப் பணத்தை எடுத்துட்டா, அதுக்கு 1930. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காம அடிங்க.

இன்னொண்ணு, போன்லேயே செய்யக் கூடியது. பிளே ஸ்டோரைத் திறந்து மேல மூலையில இருக்கிற வட்டத்தைத் தொட்டா 'அமைப்புகள்' வரும். அதுக்குள்ள 'குடும்பம்', அதுக்குள்ள 'பெற்றோர் கட்டுப்பாடுகள்'. நாலு எண் ரகசியமாப் போட்டுட்டு எந்த வயசு ஆட்டம் வரைக்கும் இறங்கலாம்னு வைக்கலாம். பிள்ளையோட பிறந்த வருஷத்தை ரகசிய எண்ணா வைக்காதீங்க, அது முதல்ல அதைத்தான் போட்டுப் பார்க்கும்! ஏற்கனவே இறக்கி வச்சிருக்கிற ஆட்டத்தை இது ஒண்ணும் செய்யாது. அதுக்கு ஆட்டத்துக்குள்ளேயே போய் சாட்டையும் மைக்கையும் நிறுத்தணும். நிறுத்தினாலும் ஆட்டம் ஆட முடியும், பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லிட்டு நிறுத்துங்க.

எங்க அளவுகோலைக் கேட்டா இப்படித்தான் சொல்வோம். பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளை ஆடுற ஆட்டத்துல வாள் இருக்கட்டும், பூதம் இருக்கட்டும், ராஜா ராணி கல்யாணம்கூட இருக்கட்டும். படுக்கையறை வேண்டாம். ஒருத்தியை அவமானப்படுத்தி அதுக்கு மார்க் கொடுக்கிற ஆட்டம் எந்த வயசுப் பையனுக்கும் வேண்டாம். முகம் தெரியாத பெரியவங்களோட தனிப்பேச்சு வேண்டவே வேண்டாம். இதுல உங்களுக்கு வேற கருத்து இருந்தாச் சொல்லுங்க, பேசுவோம்.

அந்தப் பொண்ணு இப்பவும் ஆடுது. சாயங்காலம் அரை மணி நேரம், திண்ணையில அம்மா பக்கத்துல உட்கார்ந்து, மைக் இல்லாம. போன வாரம் போனப்ப அந்த அம்மாவே எங்களுக்குக் காட்டினாங்க. ஆட்டத்துக்குள்ள அவங்களுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கா பொண்ணு. "எனக்கு அரிசிக்கடை வச்சுக் குடுன்னேன் மேடம். அதுல அது கிடையாதாம், பீட்சா கடைதான் இருக்காம்"னாங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுல இருக்கிற போனைச் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க. டவர் இங்க ஓரளவுக்குக் கிடைக்குது. ஒவ்வொரு குழுவா உட்கார்ந்து அந்த நாலு எண்ணைப் போட்டுக்கலாம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. எந்த ஆட்டம் எப்படி ஆடுறதுன்னு அவங்க நமக்குக் காட்டட்டும்.