தையல்காரி சொன்ன குடும்பக் கணக்கு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



பஞ்சப்படியைப் பற்றிப் பேச வேண்டியவன் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் டாக்டர் அல்ல. மெட்ரிக் வரை படித்தவன். ஆனால் போன மாதம் ஒரு தோழர் என்னிடம் வந்து, "அப்பா குடல் புற்றில் போனார். அத்தை கர்ப்பப்பையில் வந்து போனாள். இப்போது அண்ணனுக்கு, நாற்பத்திரண்டு வயதில். அடுத்தது நான்தானே?" என்று கேட்டார். பதில் தெரியாமல் நின்றேன். பிறகு டாக்டர்களைக் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

1895-ம் வருஷம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம், ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்கே சர்வகலாசாலையில் ஆல்ட்ரெட் வார்தின் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஒரு தையல்காரி மனம் சோர்ந்து அவரிடம் பேசினாள். தன் குடும்பத்தில் பலரும் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்தே செத்திருக்கிறார்கள், தானும் அப்படித்தான் சீக்கிரம் போவேன் என்றாள். ஊசி நூலில் பிழைப்பவள் சொல்லும் வைத்திய சாஸ்திரத்தை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? வார்தின் போட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் சாவுகளை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார். 1913-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, புற்றுநோய் கண்ட ஒரு பாட்டனாரின் வம்சத்தில் 48 பேர். அவர்களில் 17 பேர் புற்றுநோயால் இறந்தோ, அதற்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோ இருந்தார்கள். தையல்காரியும் தான் சொன்னபடியே இளவயதில், கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோனாள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1960-களின் ஆரம்பத்தில் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் டாக்டரிடம் ஒரு குடிநோயாளி வந்தான். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்றதற்கு, என் வீட்டில் எல்லாருக்கும் குடல் புற்று வருகிறது, நானும் அதில்தான் சாகப்போகிறேன் என்றான். லிஞ்ச் அந்தக் குடும்பத்தையும் அதுபோன்ற இன்னொன்றையும் தேடி ஆராய்ந்து 1966-ல் எழுதினார். பரம்பரையாவது, புற்றுநோயாவது என்று பெரிய டாக்டர்கள் வெகுகாலம் ஒத்துக்கொள்ளவில்லை. 1993-லும் 1994-லும் அந்த மரபணுக்களைக் கண்டுபிடித்த பிறகுதான் வாயடைத்தது. நோய்க்கு இன்று லிஞ்சின் பெயர்தான் வழங்குகிறது. தையல்காரியின் வம்சத்தில் இருந்த கோளாறு எந்த மரபணுவில் என்பதும் 2000-ம் ஆண்டில் தெரிந்துவிட்டது.

அது என்ன கோளாறு? மில் தோழர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுவதற்கு ஆள் இருக்கிறதல்லவா? உடம்பில் அணுக்கள் பெருகும்போது நேருகிற பிழைகளைத் திருத்தவும் அப்படி ஆட்கள் உண்டு. இந்தக் குடும்பங்களில் அந்த ஆளில் ஒருவன் பிறவியிலேயே குறைவு. பெற்றவரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். மார்பிலும் சூலகத்திலும் புற்று வரச்செய்கிற வேறு இரண்டு மரபணுக்களும் இப்படியே. அவை தகப்பன் வழியாகவும் வரும். "பெண்ணின் நோய்தானே, அம்மா வீட்டைப் பார்" என்று அப்பா வீட்டு அத்தைகளைக் கணக்கில் விட்டுவிடுகிறோம். குலதெய்வக் குற்றம், மருமகள் வந்த நேரம் என்ற பேச்சுக்கெல்லாம் இதில் இடமே இல்லை.

பயந்துவிடாதீர்கள். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரையாக வருபவை. பீடியும் புகையிலையும் செய்கிற வேலையைத் தாத்தா தலையில் போடக் கூடாது!

தோழரின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்துகொண்டு என்ன செய்வது? லிஞ்ச் நோய்க் குடும்பத்தார், உடம்பு நன்றாயிருக்கும்போதே, இருபத்தைந்து வயதிலிருந்து ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஆசனவழியாக விளக்குக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கச் செய்வது பல நாடுகளில் வழக்கம். உள்ளே சிறு சதைமுளை இருந்தால், புற்றாக மாறுமுன் அப்போதே கிள்ளி எடுத்துவிடுகிறார்கள். பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களைப் பதினைந்து ஆண்டு கவனித்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டவர்களிடம் குடல் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. குடிகாரன் பயந்த சாவைத் தடுக்க வழி இருக்கிறது, தோழர்களே! இதற்கென்று பயின்ற டாக்டர்கள் முதலில் குடும்பத்தின் வம்ச வரிசையைப் படமாகப் போடுவார்கள். நோய் வந்தவரின் இரத்தத்தை முதலில் சோதிப்பார்கள். அவரிடம் கோளாறு எதுவென்று தெரிந்தால் மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். இல்லை என்று வந்தவன் அந்தப் பயத்தை விட்டு வீட்டுக்குப் போகலாம். சென்னை அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் எழுந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

இனி காசு விஷயம். மார்புப் புற்று மரபணுவைக் கண்டதும் அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி அதற்குப் பேட்டண்ட் வாங்கியது. மனித உடம்பிலுள்ள பொருள் கம்பெனிச் சொத்தாயிற்று! சோதனைக்கு மூவாயிரம் டாலருக்கு மேல். அங்கே வேறு யாரும் அந்தச் சோதனையை விற்க முடியாது. 2009-ல் நோயாளிகளும் டாக்டர்களும் வழக்குப் போட்டார்கள். 2013 ஜூன் 13-ல் சுப்ரீம் கோர்ட்டு, இயற்கையில் உள்ள மரபணுவை யாரும் பேட்டண்ட் செய்ய முடியாது என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அன்றைக்கே வேறு கம்பெனிகள் குறைந்த விலைக்கு அதே சோதனையைச் செய்வதாக அறிவித்தன. அதுவரை கொடுத்த விலை எதற்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நம் சங்கடம் வேறொன்று. நோயாளிக்கு மெடிக்கல் லீவு கேட்கலாம். திடமாக நிற்கிறவன் குடலைப் பார்க்க ஆஸ்பத்திரி போகிறேன் என்றால் மேஸ்திரி சிரிப்பான். நாற்று நடுகிற தாய்க்கு லீவே கிடையாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே சோதனை இலவசம், போகிற நாளுக்குச் சம்பளம், சோதனை முடிவை முதலாளி கேட்கக் கூடாது என்ற மூன்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூன்றாவதை லேசாக எண்ணாதீர்கள். முதலாளி மரபணு விவரத்தைப் பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது என்று அமெரிக்காவிலேயே 2008-ல் சட்டம் போட வேண்டி வந்தது.

அந்தத் தோழர் அண்ணனையும் அழைத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை ரயிலேறுகிறார். உங்களில் யார் வீட்டிலாவது இரண்டு தலைமுறையில் இதே நோய் வந்திருந்தால், அல்லது ஐம்பது வயதுக்குள் வந்திருந்தால், யார், எந்த வயதில், உடம்பில் எந்த இடத்தில் என்று அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத வராதவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன்.